72 மணி நேரம்தான் கெடு! எச்.ஐ.வி தொற்றைத் தடுக்கும் 'பெப்' மாத்திரை: யாருக்கு, எங்கே, எப்படி?

உடலுறவின்போது ஆணுறை கிழிந்துவிட்டது. அல்லது ஆணுறையே இல்லாமல் உறவு நடந்துவிட்டது. உடன் இருந்தவருக்கு எச்.ஐ.வி இருக்கிறதா, இல்லையா என்பது தெரியாது. 'எனக்கும் வந்திருக்குமோ?' என்ற பயம் மட்டும் மனதைக் குடைகிறது.

இந்த இடத்தில் பலர் செய்வது இரண்டில் ஒன்று. 'ஒரு தடவைதானே, ஒண்ணும் ஆகாது' என்று மனதைத் தேற்றிக்கொள்வது. இல்லையென்றால், 'மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்துப் பார்த்துக்கலாம்' என்று பயத்தோடு நாட்களைக் கடத்துவது.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. தொற்று ஏற்படக்கூடிய சம்பவம் நடந்த பிறகும், எச்.ஐ.வி உடலில் நிலைத்துவிடாமல் தடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. பெயர் 'பெப்'. ஆனால் இதற்கு ஒரு கறாரான கெடு உண்டு: 72 மணி நேரம். அந்த நேரம் தாண்டிவிட்டால் பலன் இல்லை.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோவின் 2023-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி தொற்றுடன் வாழ்கிறார்கள். அந்த ஓராண்டில் மட்டும் புதிதாகத் தொற்றியவர்கள் சுமார் 68 ஆயிரம் பேர். கணக்குப் போட்டால், ஒரு நாளைக்கு 180 பேருக்கும் மேல். இப்படியொரு மாத்திரை இருப்பது இவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? தெரிந்திருந்தாலும், 72 மணி நேரத்துக்குள் கையில் கிடைத்திருக்குமா? இங்கேதான் உண்மையான சிக்கல் இருக்கிறது.

பெப் என்றால் என்ன?

எச்.ஐ.வி தொற்றுக்கு வாய்ப்புள்ள சம்பவம் நடந்த பிறகு, தொற்று வராமல் தடுக்க எடுத்துக்கொள்ளும் மருந்துதான் பெப். எச்.ஐ.வி உள்ளவர்களுக்குச் சிகிச்சையாகக் கொடுக்கப்படும் அதே கூட்டு மருந்துகள்தான் இதிலும் பயன்படுகின்றன. அவர்கள் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். பெப் எடுப்பவர்கள் 28 நாட்கள் சாப்பிட்டால் போதும்.

ஒரு விஷயத்தில் குழப்பம் வேண்டாம். பெப் தடுப்பூசி அல்ல. ஒரே ஒரு மாத்திரையைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்பதும் கிடையாது. மெடிக்கலில் கிடைக்கும் அவசர கருத்தடை மாத்திரை வேறு, இது வேறு. கருத்தடை மாத்திரை எச்.ஐ.வியைத் தடுக்காது; பெப் கர்ப்பத்தைத் தடுக்காது. இரண்டும் தேவைப்படும் சூழல் என்றால், இரண்டையும் டாக்டரிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

ஏன் 72 மணி நேரம்?

எச்.ஐ.வி உடலுக்குள் நுழைந்த உடனே ரத்தம் முழுக்கப் பரவிவிடுவதில்லை. பிறப்புறுப்பு அல்லது ஆசனவாயின் மெல்லிய சவ்வு வழியாக நுழையும் வைரஸ், முதலில் அங்கே இருக்கும் நோய் எதிர்ப்பு செல்களில் சிலவற்றைத்தான் பிடிக்கிறது. அங்கிருந்து பக்கத்தில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்ச் சேர இரண்டு, மூன்று நாட்கள் ஆகும். அதன் பிறகுதான் ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் பரவும்.

வைரஸ் தன் மரபணுவை நம் செல்லின் மரபணுவோடு ஒட்டிவைத்து, உடலில் நிரந்தரமாகப் பதுங்கிவிட்டால், அதை முழுவதுமாக வெளியேற்ற இன்று வழக்கமான சிகிச்சை எதுவும் இல்லை. கட்டுப்படுத்தி வைக்க முடியும், அவ்வளவுதான். அந்தப் பதுங்கல் நடப்பதற்கு முன்பே கதவை அடைப்பதுதான் பெப் மருந்தின் வேலை.

அதனால் 72 மணி நேரம் என்பதை, 'மூணு நாள் டைம் இருக்கு, மெதுவா போகலாம்' என்று புரிந்துகொள்ளக் கூடாது. அது கடைசி எல்லை. முதல் சில மணி நேரங்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் முதல் டோஸைப் போட வேண்டும் என்றே இந்திய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. உதாரணமாக, சனிக்கிழமை இரவு 11 மணிக்குச் சம்பவம் நடந்தால், செவ்வாய்க்கிழமை இரவு 11 மணியோடு கெடு முடிகிறது. ஞாயிறு லீவு, திங்கள் ஆபீஸ் என்று தள்ளிப்போட்டால் கெடுவில் பெரும் பகுதி அதிலேயே போய்விடும்.

இது வேலை செய்யும் என்பதற்கு என்ன ஆதாரம்?

பெப் முதலில் மருத்துவமனைகளில்தான் தொடங்கியது. எச்.ஐ.வி நோயாளிக்குப் போட்ட ஊசி, தவறுதலாக நர்ஸ் அல்லது டாக்டரின் கையில் குத்திவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விதான் ஆரம்பம். 1987-ல் ஜிடோவுடின் என்ற முதல் எச்.ஐ.வி மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் உள்ளிட்ட நாடுகளின் மருத்துவப் பணியாளர்களை வைத்துச் செய்த ஆய்வு 1997-ல் வெளியானது. ஊசி குத்திய பிறகு ஜிடோவுடின் எடுத்தவர்களுக்குத் தொற்று அபாயம் சுமார் 81 சதவீதம் குறைந்திருந்ததாக அது சொன்னது. அது ஒற்றை மருந்தின் பலன். இன்று மூன்று மருந்துகள் சேர்ந்து வேலை செய்கின்றன.

அடுத்த ஆண்டு குரங்குகளில் நடந்த ஆய்வு இன்னும் தெளிவான பதிலைக் கொடுத்தது. எச்.ஐ.வி வகையைச் சேர்ந்த வைரஸைச் செலுத்திய 24 மணி நேரத்துக்குள் டெனோஃபோவிர் மருந்தைத் தொடங்கி, 28 நாட்கள் கொடுத்தபோது குரங்குகள் தப்பின. தொடங்குவது 48, 72 மணி நேரம் என்று தள்ளிப்போனபோது பாதுகாப்பு குறைந்தது. 10 நாட்களில் நிறுத்தியபோதும் குறைந்தது. 3 நாட்கள் மட்டும் கொடுத்தவற்றுக்குப் பாதுகாப்பே இல்லை. '72 மணி நேரம், 28 நாட்கள்' என்ற கணக்குக்கு முக்கியமான அடிப்படைகளில் ஒன்று இந்த ஆய்வு.

மனிதர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுக்கும் சோதனை ஏன் நடக்கவில்லை என்ற கேள்வி வரலாம். பலன் தரும் என்று தெரிந்த மருந்தை ஒருவருக்குக் கொடுக்காமல், அவருக்கு எச்.ஐ.வி வருகிறதா என்று வேடிக்கை பார்ப்பது மருத்துவ அறத்துக்கு விரோதமானது. அதனால்தான் கிடைத்திருக்கும் மற்ற ஆதாரங்களை வைத்து, 2005-ல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பாலியல் ரீதியான சம்பவங்களுக்கும் பெப் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. உலக சுகாதார நிறுவனமும் பணியிட விபத்து, பாலியல் சம்பவம் என்று பிரிக்காமல் எல்லோருக்குமான பரிந்துரையை 2014-ல் வெளியிட்டது.

யாருக்குத் தேவை? யாருக்குத் தேவையில்லை?

எல்லாச் சம்பவங்களிலும் அபாயம் ஒரே அளவு இல்லை. சிகிச்சை எடுக்காத எச்.ஐ.வி உள்ள ஒருவரோடு ஆணுறை இல்லாமல் உறவு கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 10,000 முறைக்கு எத்தனை முறை தொற்று ஏற்படலாம் என்ற கணக்கு அது:

* ஆசனவாய் உறவில் உள்வாங்குபவருக்கு: 138
* ஆசனவாய் உறவில் உட்செலுத்துபவருக்கு: 11
* பெண்ணுறுப்பு வழி உறவில் பெண்ணுக்கு: 8
* பெண்ணுறுப்பு வழி உறவில் ஆணுக்கு: 4
* போதை ஊசியைப் பகிர்ந்துகொள்பவருக்கு: 63
* மருத்துவமனையில் ஊசி குத்திக்கொண்டவருக்கு: 23

இந்த எண்களைப் பார்த்து, 'இவ்வளவு கம்மிதானா?' என்று நினைத்துவிட வேண்டாம். இவை சராசரிதான். இருவரில் ஒருவருக்குப் பால்வினை நோய்ப் புண் இருந்தாலோ, உடன் இருந்தவருக்கு அண்மையில்தான் தொற்று ஏற்பட்டு வைரஸ் அளவு உச்சத்தில் இருந்தாலோ அபாயம் பல மடங்கு கூடும். பாலியல் வன்கொடுமையில் காயங்கள் ஏற்படுவதால் அங்கேயும் அபாயம் அதிகம்.

பெப் தேவைப்படாத சூழல்களும் நிறைய. முத்தம், கட்டிப்பிடித்தல், ஒரே தட்டில் சாப்பிடுதல், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துதல், கொசுக்கடி ஆகிய எதனாலும் எச்.ஐ.வி பரவாது. காயமில்லாத தோலில் விந்தோ ரத்தமோ பட்டாலும் பரவாது. ஆணுறை கிழியாமல், நழுவாமல் இருந்திருந்தால் பெப் தேவைப்படாது.

இன்னொரு முக்கியமான விஷயம். எச்.ஐ.வி உள்ளவர் தினமும் மருந்து எடுத்து, அவரது ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குத் தொடர்ந்து குறைந்திருந்தால், அவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது. 2019-ல் வெளியான 'பார்ட்னர் 2' ஆய்வில், ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி இருந்த 782 ஆண் இணையர்கள் கண்காணிக்கப்பட்டார்கள். ஆணுறை இல்லாமல் சுமார் 76 ஆயிரம் முறை உறவு நடந்தும், துணையிடமிருந்து துணைக்குப் பரவிய தொற்று பூஜ்யம். எனவே எச்.ஐ.வி உள்ள எல்லோரும் ஆபத்தானவர்கள் என்ற நினைப்புக்கு அறிவியலில் இடமில்லை. தொற்று இருப்பது தெரியாமலும், சிகிச்சை எடுக்காமலும் இருக்கும் நிலைதான் ஆபத்து.

உடன் இருந்தவரின் நிலை தெரியாவிட்டால்? சம்பவத்தின் தன்மையை வைத்து டாக்டர் முடிவு செய்வார். அவரைத் தேடிப் பிடித்து டெஸ்ட் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. முதலில் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். பிறகு அவருக்குத் தொற்று இல்லை என்று உறுதியானால், டாக்டர் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

என்ன மாத்திரை? எப்படிச் சாப்பிடுவது?

இந்தியாவில் பெரியவர்களுக்கு இப்போது பரிந்துரைக்கப்படுவது மூன்று மருந்துகள் கலந்த கூட்டு. டெனோஃபோவிர் 300 மி.கி, லாமிவுடின் 300 மி.கி, டோலுடெகிராவிர் 50 மி.கி. மூன்றும் சேர்ந்து ஒரே மாத்திரையாகவே கிடைக்கிறது. தினமும் ஒன்று, 28 நாட்கள். முதல் இரண்டும் வைரஸ் தன்னை நகல் எடுப்பதைத் தடுக்கும். மூன்றாவது, வைரஸின் மரபணு நம் செல்லோடு ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும்.

மருந்து தொடங்கும்போது சில ரத்தப் பரிசோதனைகள் எடுப்பார்கள்: எச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், சிறுநீரகச் செயல்பாடு. தேவைப்பட்டால் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. இந்த முதல் எச்.ஐ.வி டெஸ்ட், இந்தச் சம்பவத்தால் தொற்று வந்ததா என்பதைச் சொல்லாது. ஏற்கெனவே தொற்று இருந்ததா என்பதை மட்டும்தான் சொல்லும். ரிப்போர்ட் வரட்டும் என்று முதல் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது.

டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறதா? காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறீர்களா? சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுக்கிறீர்களா? வலிப்பு மாத்திரை ஏதாவது உண்டா? இந்த மருந்துகள் டோலுடெகிராவிருடன் மோதும். அளவை மாற்ற வேண்டியிருக்கும். வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிட், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளையும் இதோடு சேர்த்துப் போட்டால் மருந்து சரியாக உடலில் சேராது. பெப் மாத்திரையை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்பு அல்லது 6 மணி நேரம் பின்பு எடுக்க வேண்டும் என்பது பொதுவான விதி.

ஹெபடைடிஸ் பி இருப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். இந்தக் கூட்டில் உள்ள இரண்டு மருந்துகள் அந்த வைரஸையும் அடக்குபவை. 28 நாள் கழித்துச் சட்டென்று நிறுத்தினால் கல்லீரல் அழற்சி திரும்பக் கிளம்பலாம். இவர்கள் டாக்டரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

28 நாட்கள்: பலர் சறுக்கும் இடம்

மருந்தைத் தொடங்குபவர்களில் பலர் முழுதாக முடிப்பதில்லை. முதல் வாரம் பயம் இருக்கும், ஒழுங்காகச் சாப்பிடுவார்கள். இரண்டாவது வாரத்தில் பயம் குறையும். லேசாகக் குமட்டல், தலைவலி, அசதி, தூக்கமின்மை இருந்தால், 'இனி எதுக்கு?' என்று நிறுத்திவிடுவார்கள். வீட்டில் யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்ற கூச்சத்தில் நிறுத்துபவர்களும் உண்டு.

பழைய மருந்துகளோடு ஒப்பிட்டால் இப்போதைய கூட்டில் பக்கவிளைவுகள் குறைவு. பெரும்பாலும் சில நாட்களில் தானாகச் சரியாகிவிடும். வாந்தி, தோல் தடிப்பு, மஞ்சள் காமாலை அறிகுறிகள் வந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் போக வேண்டும். ஒருவேளை ஒரு மாத்திரையை மறந்துவிட்டால், ஞாபகம் வந்த உடனே போட்டுக்கொள்ளலாம். மறுநாள் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. தினமும் ஒரே நேரத்துக்கு போனில் அலாரம் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

பெப் தோற்றுப்போவதற்கு முக்கியக் காரணங்கள் மூன்று: தாமதமாகத் தொடங்குவது, இடையில் நிறுத்துவது, மருந்து எடுக்கும் நாட்களிலேயே மறுபடி பாதுகாப்பில்லாத உறவு கொள்வது. இந்த 28 நாட்களிலும், இறுதி டெஸ்ட் முடியும் வரையிலும் ஆணுறை கட்டாயம். ரத்த தானமும் செய்யக் கூடாது.

செய்யக் கூடாதவை

பதற்றத்தில் சிலர் டெட்டால், எலுமிச்சை, ஷாம்பு என்று எதையாவது போட்டுப் பிறப்புறுப்பின் உட்பகுதியைக் கழுவுகிறார்கள். இது ஆபத்து. மெல்லிய சவ்வு எரிச்சலாகி, வைரஸ் நுழைய இன்னும் எளிதாகிவிடும். வெளிப்புறத்தைச் சாதாரணத் தண்ணீரால் கழுவினால் போதும். ஊசி குத்தியவர்கள் அந்த இடத்தைப் பிதுக்கவோ, வாயில் வைத்து உறிஞ்சவோ கூடாது. சோப்பு, ஓடும் தண்ணீர் போதும்.

எச்.ஐ.வி உள்ள நண்பரின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வது, ஆன்லைனில் பார்த்து அரைகுறையாக ஒரு மருந்தை மட்டும் வாங்குவது, நாட்டு வைத்தியர் தரும் 'ரத்த சுத்தி' மருந்தை நம்புவது, எல்லாமே விலைமதிப்பற்ற நேரத்தை வீணாக்கும்.

பாலியல் வன்கொடுமை நடந்திருந்தால் சட்டம் என்ன சொல்கிறது?

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கு, அரசு மருத்துவமனையாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-வது பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. மறுக்கும் மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 200-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். 'எஃப்.ஐ.ஆர் காப்பி கொண்டு வாங்க, அப்புறம்தான் பார்ப்போம்' என்று திருப்பி அனுப்ப எந்த மருத்துவமனைக்கும் உரிமை இல்லை. அதே சமயம், சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை போலீசுக்குத் தகவல் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

பாதிக்கப்பட்டது குழந்தையாக இருந்தால், 2020-ம் ஆண்டின் போக்சோ விதிகள் இன்னும் வெளிப்படையாகப் பேசுகின்றன. அவசர சிகிச்சைக்கு முன் நீதிமன்ற உத்தரவு போன்ற எந்த ஆவணத்தையும் கேட்கக் கூடாது. எச்.ஐ.வி தடுப்பு மருந்தும் சிகிச்சையின் பகுதியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. மாவட்டங்களில் உள்ள 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்களும் மருத்துவமனைக்குக் கூட வந்து உதவும்.

வழக்குப் போடுவதா, வேண்டாமா என்று குடும்பம் யோசிக்க நாட்கள் ஆகலாம். ஆனால் மருந்துக்கு அந்த அவகாசம் கிடையாது. வழக்கு பற்றிய முடிவு எதுவாக இருந்தாலும், முதல் மாத்திரை முன்னால் வர வேண்டும்.

மாத்திரை இருக்கிறது... கிடைப்பதில் என்ன சிக்கல்?

எச்.ஐ.வி விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1986-ல் சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும், அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அதைக் கண்டுபிடித்தார்கள். 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டு சங்கம் உருவானது. 2004 ஏப்ரலில் நாட்டில் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியபோது, தாம்பரம் அரசு மருத்துவமனை அதன் முதல் மையங்களில் ஒன்றாக இருந்தது. உலகின் ஏழை நாடுகள் சாப்பிடும் எச்.ஐ.வி மருந்துகளில் பெரும் பங்கு இந்திய நிறுவனங்கள் தயாரிப்பவை.

ஆக, நாட்டில் மருந்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் மூன்று விஷயங்களில்.

முதலாவது, கொள்கை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், பணியிடத்தில் ஆபத்தைச் சந்திக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கு பெப் வழங்குவதை நிர்வாகத்தின் கடமையாக்குகிறது. வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆனால் விருப்பத்தோடு உறவு கொண்டபோது ஆணுறை கிழிந்துவிட்ட ஒருவருக்கு இதே அளவு தெளிவான உத்தரவாதம் இல்லை. அந்த நேரத்தில் பணியில் இருக்கும் டாக்டர் என்ன நினைக்கிறார் என்பதைப் பொறுத்து, இடத்துக்கு இடம் பதில் மாறுகிறது. வைரஸுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது, நேரம். இப்படிப்பட்ட சம்பவங்கள் ஆபீஸ் நேரம் பார்த்து நடப்பதில்லை. கூட்டு மருந்து மையங்களோ பகலில் இயங்குபவை. மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் பெப் மருந்து எந்நேரமும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது ஊசி குத்திய பணியாளருக்காக வைத்திருக்கும் மருந்து என்ற எண்ணம் இருந்தால், வாசலில் நிற்பவருக்கு, 'நாளைக்குக் காலைல ஓ.பி.க்கு வாங்க' என்ற பதில்தான் கிடைக்கும்.

மூன்றாவது, கூச்சமும் ஏளனமும். 'கல்யாணம் ஆயிடுச்சா?' என்பதுதான் முதல் கேள்வி என்றால், திருமணமாகாத பெண் அடுத்த வார்த்தை பேச மாட்டார். தன்பாலின உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆனாலும், 'யார் கூட?' என்ற கேள்விக்கு உண்மையான பதில் சொல்லத் தயங்கும் ஆண்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்வாங்குபவருக்கு அபாயம் 138 என்பதை மேலே பார்த்தோம். அதிக அபாயத்தில் இருப்பவரே வாய் திறக்க முடியாத நிலை என்றால், இழப்பு யாருக்கு?

இதே சிக்கலை உலகம் முழுக்கப் பார்த்த பிறகுதான், 2024 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது. பெப் மருந்தை மருத்துவமனைக்குள்ளேயே பூட்டி வைக்காமல் சமூக மையங்கள் வழியாகவும் கொடுக்கலாம். டாக்டர் மட்டுமின்றி, பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள், சமூக சுகாதாரப் பணியாளர்களும் வழங்கலாம் என்பதுதான் அதன் சாரம். கிராமம் வரை செவிலியர்களும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்களும் இருக்கும் தமிழ்நாட்டில் இதைச் செய்து பார்க்க வழி இருக்கிறது. முதல் ஓரிரு நாட்களுக்கான மாத்திரையை உடனே கையில் கொடுத்துவிட்டு, மற்ற பரிசோதனைகளை மறுநாள் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தாலே பல தொற்றுகளைத் தவிர்க்கலாம்.

எங்கே போவது? என்ன கேட்பது?

* முதலில் 1097-க்கு போன் செய்யுங்கள். இது நாக்கோவின் கட்டணமில்லா எய்ட்ஸ் உதவி எண். அருகில் உள்ள மையத்தின் விவரம் கிடைக்கும்.
* பகல் நேரம் என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையில் உள்ள ஏ.ஆர்.டி கூட்டு மருந்து சிகிச்சை மையத்துக்கு நேராகப் போங்கள். 'நம்பிக்கை மையம்' என்ற பெயரில் இயங்கும் ஆலோசனை மற்றும் பரிசோதனை மையங்களிலும் வழி காட்டுவார்கள்.
* இரவு அல்லது விடுமுறை நாள் என்றால், பெரிய அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம்.
* அரசு மருத்துவமனையில் தாமதமானால், தனியார் மருத்துவமனையின் பொது மருத்துவர், தொற்றுநோய் நிபுணர் அல்லது பால்வினை நோய் நிபுணரிடம் சீட்டு வாங்கி, மருந்துக் கடையில் வாங்கலாம். எல்லாக் கடையிலும் இருப்பு இருக்காது. பெரிய மருத்துவமனைகளின் பக்கத்தில் இருக்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

கவுண்டரில் முழுக் கதையையும் சொல்லத் தேவையில்லை. 'எச்.ஐ.வி எக்ஸ்போஷர் ஆகியிருக்கு, இத்தனை மணி நேரம் ஆச்சு, பெப் மருந்து வேணும். டாக்டர்கிட்ட தனியா பேசணும்' என்றால் போதும். மணிக்கணக்கைச் சொல்வது முக்கியம். அதுதான் அவசரத்தைப் புரியவைக்கும். உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி பரிசோதனை செய்யக் கூடாது, உங்கள் நிலையை மற்றவர்களிடம் வெளியிடக் கூடாது என்பது சட்டம் தரும் பாதுகாப்பு.

28 நாட்கள் முடிந்த பிறகு?

சம்பவம் நடந்த 6-வது வாரத்திலும், 3-வது மாதத்திலும் எச்.ஐ.வி டெஸ்ட் எடுக்க வேண்டும். சில மையங்களில் 6-வது மாதத்திலும் ஒரு முறை எடுக்கச் சொல்வார்கள். இடையில் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு, நெறி கட்டுதல் வந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர்கள் இந்த நேரத்திலேயே போட்டுக்கொள்ளலாம்.

அடிக்கடி பெப் தேவைப்படும் நிலையில் இருப்பவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. 'ப்ரெப்' என்ற மாத்திரை. அதைச் சம்பவத்துக்கு முன்பிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் போடும் லெனகாபாவிர் என்ற ப்ரெப் ஊசிக்கு 2025 ஜூனில் அமெரிக்கா ஒப்புதல் கொடுத்தது. அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. பெப் என்பது தீயணைப்பு வண்டி மாதிரி. தினமும் கூப்பிட வேண்டியிருந்தால், வீட்டின் வயரிங்கை மாற்றுவதுதான் சரி.

சில கேள்விகள், சுருக்கமான பதில்கள்

72 மணி நேரம் தாண்டிவிட்டது. இனி என்ன செய்வது?
பெப் பலன் தராது. ஆனால் அதற்காக ஒளிந்துகொள்ள வேண்டாம். நம்பிக்கை மையத்தில் ஆலோசனை பெற்று, உரிய இடைவெளியில் டெஸ்ட் எடுங்கள். ஒருவேளை தொற்று இருந்தாலும், சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் மற்றவர்களைப் போல நீண்ட ஆயுளோடு வாழலாம்.

கர்ப்பிணிகள் எடுக்கலாமா?
எடுக்கலாம். கர்ப்பம் பற்றி டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர்களும் ஆலோசனை பெற்று எடுக்கலாம்.

பெப் எடுத்தால் எச்.ஐ.வி வரவே வராதா?
நூறு சதவீத உத்தரவாதம் எந்த மருந்துக்கும் இல்லை. ஆனால் நேரத்தோடு தொடங்கி, ஒரு நாளும் விடாமல் 28 நாட்களை முடித்தவர்களிடம் தோல்வி மிகவும் அரிது.

முன்பு ஒரு முறை எடுத்திருக்கிறேன். மறுபடி எடுக்கலாமா?
எடுக்கலாம். எத்தனை முறை என்பதற்குத் தடை இல்லை. மறுபடி தேவைப்பட்டால், ப்ரெப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

நாய் கடித்தால் அன்றே ஊசி போட வேண்டும் என்பது இன்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கடித்த நாய் யாருடையது, அந்தத் தெருவுக்கு ஏன் போனாய் என்று எந்த மருத்துவமனையும் விசாரித்துவிட்டு ஊசி போடுவதில்லை. எச்.ஐ.வி தடுப்பு மருந்துக்கும் அதே அவசரமும், அதே மரியாதையும் கிடைக்க வேண்டும். அது நடக்கும் வரை, நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவை மூன்று எண்கள்: 72 மணி நேரம், 28 நாட்கள், 1097.